காதுக்குத் தப்பும் பிழைகள்: மொரீசியஸ் கோவில் மலருக்கு மெய்ப்புப் பார்த்த ஏழு ஆண்டுகள்

தைப்பூசக் காவடி மலருக்கு ஏழு ஆண்டுகளாக ஒரே முறையில்தான் மெய்ப்புப் பார்க்கிறோம். 40 பக்கம், தமிழும் பிரெஞ்சும் கலந்தது.

முதல் வாசிப்பில் ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுப்படியில் விரல் வைத்து வருவார். விடுபட்ட சொல், இருமுறை விழுந்த வரி எல்லாம் இதில் அகப்பட்டுவிடும். ர/ற, ல/ள மட்டும் அகப்படாது. மொரீசியஸின் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோலைப் பேசி வளர்ந்தவர்கள் நாக்கில் அந்த வேறுபாடு பெரும்பாலும் இல்லை. "ஏழு கறி" விருந்து "ஏழு கரி" ஆகிவிடும், "மாலை வேளை" "மாலை வேலை" ஆகிவிடும். வாணி போன்ற சொல்திருத்தியும் இங்கே கைகொடுக்காது. கரியும் வேலையும் சரியான சொற்கள்தானே! ஆகவே இரண்டாம் வாசிப்பு வாய் திறக்காமல், 14 புள்ளி எழுத்தில் தாளில் எடுத்து, கண்ணால் மட்டும். அதற்கு முன்பே, குழப்பும் சொல்லிணைகளைப் பட்டியலிட்டுக் கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடிவிடுவோம். இப்போது 60 இணைகள் சேர்ந்திருக்கின்றன. வேறெதையும்விட இந்தப் பட்டியல்தான் எங்களுக்குப் பலன் தந்தது.

தேடும்போது ஒரு கவனம். "ஸ்ரீ" ஒருங்குறியில் (யூனிகோட்) ஸ கொண்டும் ஶ கொண்டும் எழுதப்படுகிறது. திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. "ஔ"வுக்குப் பதில் ஒ, ள தட்டியிருந்தாலும் இதே கதைதான்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்த கட்டுரையை ஒருங்குறிக்கு மாற்றும்போது தமிழ்ப் பத்திகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருப்பதால், முழுக் கோப்பையும் மாற்றினால் பிரெஞ்சுப் பத்தி உருக்குலைந்துபோகும்.

சந்திக்கு நாவி என்ற சந்தித் திருத்தியை ஓட்டலாம்; முடிவு நம்முடையதாக இருக்க வேண்டும். "காவடித் திருவிழா"வில் ஒற்று மிகும், "வள்ளி தெய்வானை" உம்மைத்தொகை (வள்ளியும் தெய்வானையும்), மிகாது.

நன்கொடையாளர் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வரும். அதை அப்படியே பெயர்த்தால் "ஆர்மூகும்" என்று நிற்கும். ஆறுமுகம் என்று திருத்தி, குடும்பத்தாரிடம் காட்டிவிடுவது மரியாதை.

அட்டையில் மொழிகளின் வரிசையையும் பாருங்கள். 1998இல் மொரீசியஸின் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் வரி தேவநாகரிக்குப் பின்னால் போனது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. எழுத்துப்பிழை இல்லாத தாளிலும் பிழை இருக்கும்.

திருத்தம் ஏறியதும் வரிகள் நகரும். திருத்திய சொல்லை மட்டும் பார்க்காமல் பத்தி முடியும்வரை படியுங்கள். அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப்பில் தலைப்புகளையும் படக்குறிப்புகளையும் மறுபடி ஒருமுறை. பெரிய எழுத்து என்பதாலேயே அவற்றை யாரும் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை.