ஜெக்கில் பிளகின்கள்: நாள்பட்ட அனுபவம்

எளிய குறிகளோடு எழுதிய மார்க்டவுன் கோப்புகளிலிருந்து இணையதளம் கட்டித் தரும் ரூபி கருவி ஜெக்கில். அதில் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின்கள் ஆறு வகை: ஜெனரேட்டர், கன்வெர்ட்டர், கமாண்ட், டேக், ஃபில்டர், ஹூக். பல வருடமாக ஒரு தமிழ்த் தளத்தை இதில் ஓட்டுகிறேன். இப்போதெல்லாம் ஒரு பிளகின் என்ன செய்யும் என்பதைவிட, நாளைக்கு அதைக் கழற்ற முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

எனக்கு அதிகம் உதவியது, டெம்ப்ளேட்டில் ஒரு மதிப்பை மாற்றித் தரும் ஃபில்டர். முகப்பில் கட்டுரைச் சுருக்கம் காட்ட ஜெக்கிலின் டெம்ப்ளேட் மொழியான லிக்விடில் உள்ள ட்ரங்கேட் ஃபில்டரைப் போட்டால், அது யூனிகோடு குறிகளை எண்ணி வெட்டும். 'தமிழ்' நமக்கு 3 எழுத்து, அதற்கு 5. வெட்டு நடுவில் விழுந்தால் 'மி' வெறும் 'ம' ஆகி நிற்கும். வார்த்தை எண்ணி வெட்டும் ட்ரங்கேட்வேர்ட்ஸ் இருக்கிறதே என்பீர்கள். 'ஒப்படைக்கப்பட்டிருக்கிறது' போல நாலு சொல் வந்தால் சுருக்கம் இருக்கும் கட்டத்தின் (கார்டு) உயரம் எகிறிவிடும். ரூபி 2.5 முதல் 'கிராஃபீம் கிளஸ்டர்ஸ்' என்ற மெத்தட் உண்டு. நாம் படிக்கிற எழுத்தாகவே பிரித்துத் தரும். அதை வைத்துச் சில வரிகளில் ஒரு ஃபில்டர் எழுதி பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டேன். அப்புறம் அதைத் தொடவே தேவைப்படவில்லை.

தளத்தைக் கட்டும்போது (பில்ட்) குறிப்பிட்ட கட்டத்தில் நம் கோடை ஓட்டும் ஹூக்கும் இப்படித்தான், சத்தமில்லாமல் வேலை செய்யும். ரெண்டர் முடிந்த கையோடு எச்டிஎம்எல்லைப் பிடித்து வெளி இணைப்புகளைத் திருத்துகிறேன். மூல மார்க்டவுன் கோப்பில் ஒரு புள்ளிகூட மாறாது.

கட்டுரைக்குள்ளேயே எழுதும் குறியான டேக்கின் சங்கதி வேறு. வீடியோ சேர்க்க ஒற்றை வரி போதும், சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரி ஒவ்வொரு கட்டுரைக்குள்ளும் உட்கார்ந்துவிடுகிறது. பிளகினை எடுத்தால் 'தெரியாத டேக்' என்று பில்டே நின்றுவிடும். ஹியூகோ போன்ற வேறு தளக் கருவிக்கு மாறினால் எல்லாக் கட்டுரையையும் துழாவித் திருத்த வேண்டும். புதிதாக டேக் எதுவும் நான் சேர்ப்பதில்லை. வேறு கோப்பைச் செருக, ஜெக்கிலோடு வரும் இன்க்ளூடே போதும்.

ஜெனரேட்டர் இல்லாமல் குறிச்சொல் பக்கங்களைத் தானாக உருவாக்குவது கஷ்டம். ஆனால் குறிச்சொல் கூடக் கூட பில்டும் இழுக்கும். எழுதும்போது அது தேவையே இல்லை என்பதால், சூழல் 'புரொடக்‌ஷன்' (வெளியீட்டுக்கானது) என்றால் மட்டும் ஓடும்படி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்.

ஒரு வடிவக் கோப்பை இன்னொன்றாக மாற்றும் கன்வெர்ட்டர் எனக்குத் தேவைப்பட்டதில்லை, மார்க்டவுனை எச்டிஎம்எல்லாக்க ஜெக்கிலோடு வரும் க்ராம்டவுன் போதும். ஜெக்கிலுக்குப் புதுக் கட்டளை சேர்க்கும் கமாண்டில் 'ஜெக்கில் கம்போஸ்' மட்டும் இருக்கிறது, புதுப் பதிவுக் கோப்பைத் தேதியோடு உருவாக்கித் தரும்.

தளத்தை ஏற்றி வைக்கும் கிட்ஹப் பேஜஸின் வழக்கமான பில்டை நம்பி இருப்பவர்களுக்கு: அது பாதுகாப்பு முறையில் ஓடுவதால் உங்கள் சொந்த ஃபில்டரும் ஹூக்கும் அங்கே ஓடாது. தானியங்கி வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நீங்களே பில்ட் செய்து ஏற்றிவிடுங்கள்.