ஆண்டுச் சந்தாவை வாங்கிக்கொண்டு கடையைச் சாத்திவிட்டார்கள்: 1,188 டாலர் அம்போ, டெவலப்பர்கள் உஷார்

1,188 டாலர். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதிவு முழுக்க அதைச் சொல்லித்தான் புலம்பப் போகிறேன். மாதா மாதம் கட்டினால் 119, வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதத்துக்கு 99 என்று ஆசை காட்டி வாங்கினார்கள். முழுசாக ஒரு மாதம் ஓடவில்லை, எங்கள் ஆப் நம்பியிருந்த கிளவுட் சேவையையே இழுத்து மூடிவிட்டார்கள். பாக்கிப் பணத்தைக் கேட்டால் "விதிமுறைப்படி திருப்பித் தர இயலாது" என்று ஒற்றை வரியில் பதில்.

பெயர் போட முடியாது. பண விவகாரம் இன்னும் இழுபறியில் இருக்கிறது, வக்கீல் நோட்டீஸ் வேறு வந்தால் தாங்காது. மொபைல் ஆப்களுக்குப் பின்னால் டேட்டாபேஸ், லாகின், புஷ் நோட்டிஃபிகேஷன் மூன்றையும் ஒரே எஸ்டிகேயில் (ஆப்புக்குள் சேர்த்துக்கொள்கிற ரெடிமேட் நிரல் தொகுப்பு) தருகிற கிளவுட் சேவை என்று மட்டும் சொல்கிறேன். சின்ன டீம் ஒன்று ஆரம்பித்து நன்றாக நடத்தியது. பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. வாங்கின கையோடு "அடுத்த தலைமுறைத் தளம்" என்று வேறொன்றைக் கட்டி, எங்களைப் போன்ற பழைய ஆட்களை அதற்குத் தள்ளப் பார்த்தார்கள். இதே கதை வேறு இடங்களிலும் உங்களில் பலருக்கு நடந்திருக்கும்.

நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. ரெனியூவலுக்கு முன் டாக்குமென்டேஷன் பக்கத்தின் தலையில் மஞ்சளாக ஒரு பட்டை வந்திருந்தது: "புதிய ப்ராஜெக்ட்களுக்குப் புதிய தளத்தைப் பயன்படுத்துங்கள்." இது எங்கே போய் முடியும் என்று தெரிந்ததால், எங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்கிற மேனேஜரைக் கூப்பிட்டேன். வீடியோ காலில் வந்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினார், அதுதான் இப்போது வயிற்றெரிச்சல். ஸ்க்ரீன் ஷேர் செய்து ஒரு ரோட்மேப் ஸ்லைடு காட்டினார். காலாண்டு வாரியாகக் கட்டங்கள், அதில் பழைய எஸ்டிகேக்கு ஒரு பச்சைக் கோடு அடுத்த வருஷத்தையும் தாண்டி நீண்டிருந்தது. "பாருங்க, இது எங்கேயும் போகல. மூடுறதா இருந்தா குறைஞ்சது பதினெட்டு மாசம் முன்னாடி உங்களுக்கு நானே ஃபோன் பண்ணிச் சொல்வேன்" என்றார்.

எழுத்தில் கேட்டேன். தயங்கவே இல்லை. சாட்டிலேயே தட்டினார்: "பழைய எஸ்டிகே தொடர்ந்து ஆதரிக்கப்படும். ஆண்டுத் திட்டம்தான் உங்களுக்கு லாபம்." கூடவே ஒரு கட்டைவிரல் எமோஜி. ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் கார்டை நீட்டினேன். 1,188 டாலர் அடுத்த நொடியே போய்விட்டது.

அப்புறம் ஒரு நாள் காலையில் கிளையன்டிடமிருந்து ஃபோன். ஆப் திறக்கிறது, லாகின் ஆகிறது, ஆனால் ஆர்டர் பட்டியல் வெறுமையாக இருக்கிறது என்றார்கள். எங்கள் மானிட்டரிங் எல்லாம் பச்சை. எரர் லாகில் ஒரு வரி கிடையாது. டேட்டாவை யாரோ அழித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம், ஈரக்குலையே நடுங்கிவிட்டது. கையால் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சர்வர் 200 என்று பதில் தருகிறது. எல்லாம் நலம் என்று பொருள். உள்ளே பார்த்தால் இரண்டு சதுர அடைப்புக்குறி, நடுவில் ஒன்றும் இல்லை.

நிரந்தரமாக எடுத்துவிட்ட முகவரிக்கென்றே ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்கிற எச்டிடிபி முறையில் 410 என்று ஒரு குறியீட்டு எண் இருக்கிறது. "இருந்தது, இனி இல்லை" என்று அர்த்தம். அதை அனுப்பியிருந்தால் எங்கள் அலாரம் அந்த நிமிஷமே அலறியிருக்கும், ஆப் "சர்வீஸ் இல்லை" என்று பயனருக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கும். 200 போட்டு வெறும் பட்டியலைத் தருவது இருக்கிறதே, அது சுத்த அயோக்கியத்தனம். பழைய ஆப்கள் க்ராஷ் ஆனால் புகார் குவியும், இப்படி வைத்தால் சத்தம் வராது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அறிவிப்பு கொடுத்தார்களா என்று தேடினேன். கொடுத்திருக்கிறார்கள்! மூடுவதற்குத் தொண்ணூறு நாள் முன்னால், மாற்றங்களைப் பட்டியல் போடுகிற சேஞ்ச்லாக் பக்கத்தில், பதிப்பு எண்களுக்கும் பிழைத்திருத்தங்களுக்கும் நடுவில் ஒரு வரி. தேதியைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. அந்த வீடியோ காலுக்கு முந்தைய தேதி. மூடுவதென்று அறிவித்த பிறகுதான் அந்த மனுஷன் பச்சைக் கோட்டைக் காட்டி என்னிடம் வருஷத்துக்குப் பணம் வாங்கியிருக்கிறார். அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நண்பர் சமாதானம் சொல்கிறார். இருக்கலாம். எடுத்த பணம் எடுத்ததுதானே.

மெயிலும் போயிருக்கிறது, நியூஸ்லெட்டருக்குப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். அதைத் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். தலைப்பு: "அடுத்த தலைமுறைக்கு வாருங்கள்!" மேலே ராக்கெட் படம். அதன் கீழே "இப்போதே தொடங்குங்கள்" என்று ஊதா பட்டன். அதற்கும் கீழே இரண்டு வாடிக்கையாளர்களின் பாராட்டுரை. எல்லாம் முடிந்து, அன்சப்ஸ்கிரைப் லிங்குக்கு ஒரு வரி மேலே, வெளிர் சாம்பல் எழுத்தில் பழைய சேவை நிறுத்தப்படும் தேதி. பாதிப் பேர் ராக்கெட்டைப் பார்த்ததும் மெயிலை அழித்திருப்பார்கள். என் பில்லிங் முகவரிக்கு இந்த மெயில் வரவில்லை. ஆனால் 1,188 டாலர் எடுத்ததற்கான ரசீது மட்டும் அதே முகவரிக்கு நொடி தவறாமல் வந்தது!

யாருடைய ஆப் இன்னும் பழைய ஏபிஐயை, அதாவது ஆப் டேட்டா கேட்கிற வாசலை, கூப்பிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாதா? ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் எங்களை அடையாளம் காட்டுகிற கீ போகிறது. எத்தனை முறை கூப்பிட்டோம் என்று எண்ணிப் பில் போடத் தெரிகிறதல்லவா? அதே பட்டியலை எடுத்து ஆளுக்கொரு மெயில் போட எத்தனை நேரம் ஆகும்?

இதை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இன்னும் கோபம். பார்ஸ் ஞாபகம் இருக்கிறதா? இதே வகைச் சேவைதான். பேஸ்புக் 2013இல் வாங்கியது, 2016 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது. அப்போதும் எல்லோரும் திட்டினோம். ஆனால் ஒரு வருஷம் அவகாசம் தந்தார்கள், டேட்டாவை வெளியே கொண்டுபோகக் கருவி தந்தார்கள், பார்ஸ் சர்வரையே யாரும் எடுத்து ஓட்டலாம் என்று ஓப்பன் சோர்ஸ் ஆக்கிக் கையில் கொடுத்தார்கள். அதைச் சொந்த சர்வரில் ஏற்றிப் பிழைத்த ஆப்கள் ஏராளம். ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்களுக்கு இடம் தந்த கூகுள் கோட் 2015 மார்ச்சில் அறிவித்து, ஆகஸ்டில் படிக்க மட்டும் என்று மாற்றி, 2016 ஜனவரியில்தான் மூடியது. அதே வேலையைச் செய்யும் கிட்ஹப் தளத்துக்கு மாற்றிக்கொள்ள வழியும் இருந்தது. நிரல்மொழியான பைத்தானின் பழைய பதிப்பு பைத்தான் 2க்கு 2015இல் முடிவு என்றார்கள், மக்கள் தயாராகவில்லை என்று தெரிந்ததும் 2020 வரை நீட்டினார்கள். ஆப்களை ஓட்ட இடம் தரும் ஹெரோக்கு 2022இல் இலவசத் திட்டத்தை நிறுத்தியபோதுகூட, காசே கொடுக்காதவர்களுக்கு ஆகஸ்டில் சொல்லி நவம்பர் கடைசி வரை விட்டார்கள்.

எனக்குப் பிடித்தது கிட்ஹப் பாஸ்வேர்டை நிறுத்திய விதம். நிரலை ஏற்றி இறக்குகிற கிட் வேலைகளுக்குப் பாஸ்வேர்டு செல்லாது, 2021 ஆகஸ்ட் 13தான் கடைசி என்று 2020 டிசம்பரிலேயே சொன்னார்கள். சொன்னதோடு விடாமல் ஜூனிலும் ஜூலையிலும் சில மணி நேரம் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தித் திறந்தார்கள். ப்ரவுன்அவுட் என்பார்கள். மெயில் படிக்காதவன், டாஷ்போர்டுப் பக்கமே போகாதவன், எவனோ எழுதிவிட்டுப் போன ஸ்கிரிப்டைப் பராமரிப்பவன் எல்லோருக்கும் அன்றைக்கே உறைத்திருக்கும், சரிசெய்ய நேரமும் மிச்சம் இருந்தது. இன்னொன்று, 2019இல் வந்த ஆர்எஃப்சி 8594 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம். சர்வர் அனுப்புகிற ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் "இந்தத் தேதியோடு நான் இல்லை" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பலாம், சன்செட் ஹெடர் என்று பெயர். எங்கள் பழைய லாகைத் தோண்டிப் பார்த்தேன். இத்தனை முறைதான் கூப்பிடலாம் என்ற ரேட் லிமிட்டில் இன்னும் எத்தனை முறை பாக்கி என்று ஒவ்வொரு பதிலிலும் அக்கறையாக இருக்கிறது. சன்செட் வரி எங்கேயும் இல்லை.

சரி, டேட்டாவையாவது எடுப்போம் என்று போனேன். எக்ஸ்போர்ட் பட்டன் இருந்தது, சிஎஸ்வி (வெறும் அட்டவணை ஃபைல்) கிடைத்தது. பயனர்களின் பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்டைச் சரிபார்க்கச் சேமித்து வைக்கிற உருமாற்றிய வடிவம்) அதில் இல்லை, ஆக அத்தனை பேரும் புதிதாகப் பாஸ்வேர்டு வைக்க வேண்டும். படங்களும் ரசீதுகளும் இருக்க வேண்டிய நெடுவரிசையில் வெறும் லிங்க். க்ளிக் செய்தால் அவர்களுடைய சர்வருக்கே போகிறது. மூடிவிட்ட சர்வருக்கு.

சப்போர்ட் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. முதலில் தானாகப் பதில் சொல்லும் ஒரு பாட். "மைக்ரேஷன் கைடு உங்களுக்கு உதவியதா?" என்று கேட்டது. புதிய தளத்துக்கு மாற வழிகாட்டும் அந்தக் கைடில் லாகின் பற்றிய அத்தியாயத்தில் "விரைவில் வரும்" என்று போட்டிருக்கிறது. அடுத்து ஓர் ஆள் வந்தார், எங்கள் பதிவுகளின்படி அறிவிப்பு வெற்றிகரமாக வெளியிடப்பட்டுள்ளது என்றார். எனக்கு வந்ததா என்று கேட்டால் வெளியிடப்பட்டுள்ளது என்றே திரும்பச் சொன்னார். ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். சம்பந்தப்பட்ட குழு பில்லிங்கிடம் தள்ளியது, பில்லிங் சேல்ஸிடம் தள்ளியது. சேல்ஸிலிருந்து வந்த பதிலில், அந்த மேனேஜர் இப்போது எங்களிடம் இல்லை, ஊழியர் சாட்டில் சொன்னது ஒப்பந்தத்தின் பகுதி ஆகாது, எந்த அம்சத்தையும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்த எங்களுக்கு உரிமை உண்டு என்று விதிமுறையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

விடாமல் கேட்டதும் பெரிய மனசு பண்ணி இறங்கி வந்தார்கள். 1,188 டாலரையும் கிரெடிட்டாகத் தருகிறார்களாம். எங்கே செல்லும்? அவர்களுடைய புதிய தளத்தில். எத்தனை நாளைக்கு? பன்னிரண்டு மாதம். அதற்கு மாற ஆப்பின் பாதியைத் திரும்ப எழுத வேண்டும், அந்தச் செலவு என் தலையில். காதில் பூ சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? வேண்டாம், பணமாகத் தாருங்கள் என்று எழுதினேன். புகார் டிக்கெட்டை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று மெயில் அனுப்பியிருக்கிறார்கள்.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பாதி ராத்திரி ஆகிவிட்டது, ஆப்பை வேறு சர்வருக்கு மாற்றும் வேலை பாக்கி. சுருக்கமாக: மஞ்சள் பட்டை வந்துவிட்டால் ஆண்டுத் திட்டம் வேண்டவே வேண்டாம், காசு கூடப் போனாலும் மாதா மாதம் கட்டுங்கள். மேனேஜர் சாட்டில் சொல்வது போதாது, ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்போர்ட் பட்டனை இன்றைக்கே அமுக்கி உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள், குறிப்பாகப் பாஸ்வேர்டு ஹாஷும் ஃபைல்களும். மானிட்டரிங்கில் 200 வந்தால் போதும் என்று விடாமல், உள்ளே டேட்டா இருக்கிறதா என்றும் சோதியுங்கள். கார்டில் கட்டியிருந்தால் பேங்கில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போடக் காலக்கெடு உண்டு, சப்போர்ட் இழுத்தடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். நான் நேற்று போட்டுவிட்டேன், சாட் ஸ்க்ரீன்ஷாட்டையும் அந்த ராக்கெட் மெயிலையும் இணைத்திருக்கிறேன்.

இதே சேவையில் மாட்டியவர்கள், எந்தச் சேவை என்று ஊகித்தவர்கள், தனிச் செய்தியில் வாருங்கள், கமென்டில் பெயரைப் போட்டு என்னை மாட்டிவிடாதீர்கள். சேர்ந்து எழுதினால் அசைவார்களா என்று பார்ப்போம். 1,188 டாலர் திரும்ப வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.