மரமில்லா மலையூர்க்காரர்கள் எங்கே போகலாம்? லடாக், ஜெய்சல்மேர், அந்தமான், மேகாலயா

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் அடிக்கும் கேலி நமக்கு மனப்பாடம்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமி விஷயம் 1981-லேயே தீர்ந்துவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் மறுபடியும் குடியேறிவிட்டார். மற்ற மூன்றும் அப்படியே பாக்கி. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டியல்தான் அளவுகோல். 'இந்தியாவில் பார்த்தே தீர வேண்டிய இடங்கள்' என்று எழுதுகிறவர்கள் நம்மை மனதில் வைத்து எழுதுவதில்லை. காட்பாடியில் ரயிலேறுகிறவருக்கு ஹம்பியின் பாறைக்குன்று என்ன புதுசு? மொட்டை மாடிக்குப் போனால் அதுதானே தெரிகிறது. ஹம்பியின் கோயில்களும் மண்டபங்களும் வேறு கதை, அதற்காக ஒருமுறை போகத்தான் வேண்டும். ஆனால் நில அமைப்பே வேறாக இருக்கும் ஊர் வேண்டுமென்றால் என் கணக்கில் போட்டி நான்கு இடங்களுக்குள்தான்.

கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் யோசிக்காமல் லடாக் என்பார்கள், அதுவும் பைக்கில். "மொட்டை மலையைப் பார்க்கவா அவ்ளோ தூரம் போறீங்க?" என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் நம் மலை மொட்டையாக இருப்பதற்குக் காரணம் பாறையும் வெட்டும் மேய்ச்சலும். அங்கே இமயமலை மழை மேகத்தைத் தெற்கிலேயே தடுத்துவிடுகிறது. லே நகரத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 100 மி.மீ.தான், நமக்கு ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் அந்த அளவு வந்துவிடும். செடிகொடி மூடாததால் மலையின் உடம்பு அப்படியே தெரியும். ஒரு பக்கம் ஊதா, திரும்பினால் துருப்பிடித்த சிவப்பு, அடுத்த வளைவில் சாம்பல். நடுவில் பாங்காங் ஏரியின் நீலம்.

வடார்க்காட்டுக்காரருக்கு லடாக்கில் ஒரு சொந்தமும் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியோடு, அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் லடாக்கின் ஹான்லேவில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இன்னொரு வானாய்வகத்தை நடத்துகிறது. காவலூரில் இரண்டு பருவமழையும் மேகத்தைக் கொண்டுவந்து வேலையைக் கெடுக்கும். ஹான்லேவில் காற்றே வறண்டது. அங்கே இரவு வானத்துக்காகவே ஒரு பகுதியை இருள் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். காவலூரில் ஒருமுறையாவது நட்சத்திரம் பார்த்தவர்கள் ஹான்லே வரை போனால் வித்தியாசம் நன்றாகப் புரியும்.

சிக்கல் உடம்பில்தான். லே 3,500 மீட்டர் உயரம், ஏலகிரியைப் போல மூன்று மடங்கு. விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையை விட்டு நகராமல் படுத்திருப்பதுதான் மரியாதை. தலைவலி, குமட்டல், மூச்சுமுட்டல் எல்லாம் வரலாம், ஜிம்முக்குப் போகிற பையனுக்கும் வரும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுக்கே பாலித்தீன் பையைத் தேடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். இருதயக் கோளாறு, ஆஸ்துமா இருக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் போடவே கூடாது. செலவிலும் நான்கில் இதுதான் முதலிடம்.

அடுத்து ஜெய்சல்மேர். ராஜா இல்லாத கோட்டை ஊர்க்காரர்கள் ஜனங்கள் இருக்கும் கோட்டையைப் பார்க்க வேண்டாமா? 1156-இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் இன்றைக்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் கோட்டையில் அகழியும் கருங்கல் மதிலும் கம்பீரம்தான், ஆனால் சாயங்காலம் ஆனால் காற்று வாங்க வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். அங்கே மஞ்சள் மணற்கல் சந்தில் ஸ்கூட்டர் நிற்கிறது, ஒரு மாடு வழியை அடைத்துக்கொண்டு அசை போடுகிறது, செதுக்கிய மாடத்தில் பாவாடை காய்கிறது. அஸ்தமன நேரத்தில் மதில் மொத்தமும் கடலை மாவு நிறத்துக்கு வந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கோட்டை நிற்கும் குன்று உறுதியான பாறை இல்லை. உள்ளே வீடுகளும் விடுதிகளும் வெளியேற்றும் தண்ணீர் அடிமண்ணில் கசிந்து, சில கொத்தளங்கள் ஏற்கெனவே இடிந்திருக்கின்றன. பாலைவனத்துக் கோட்டைக்குத் தண்ணீரால் ஆபத்து! கோட்டைக்குள் தங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வெளியே தங்கிவிட்டு நடந்து உள்ளே போவதுதான் சரி என்பது என் கட்சி. சுமார் 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடு. ஒட்டகச் சவாரியை விட, சவாரிக் கூட்டம் போன பிறகு மணலில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். சைவக்காரர்களுக்கு நான்கில் இங்கேதான் கவலையே இல்லை: தால் பாட்டி (பருப்போடு சுட்ட கோதுமை உருண்டை), கேர் சாங்ரி (பாலைவனக் காய்களின் கறி), மோர்.

ஆனால் மே மாதம் மட்டும் வேண்டவே வேண்டாம். கத்திரி வெயிலுக்குத் தப்பித்து வெளியூர் போகிறவர் தார்ப் பாலைவனத்தில் போய் நிற்பது வேண்டாத வேலை. அரையாண்டு விடுமுறைதான் இதற்கு நேரம்.

அந்தமானைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே சிரமம் குறைவு. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தமிழ் பேசியே பொழுதை ஓட்டலாம். அப்பா அம்மாவையும் கைக்குழந்தையையும் ஒன்றாக அழைத்துப் போக ஏற்ற இடம். ராதாநகர் கடற்கரையின் நீரைப் பார்த்தவர்களுக்கு மெரினாவில் கால் நனைப்பது அப்புறம் அவ்வளவு ருசிக்காது. 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த கோட்டையைத் தினமும் தாண்டிப் போகிற நாம், 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையைப் பார்ப்பதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. சிறையின் ஏழு கட்டட வரிசைகளில் இப்போது மிஞ்சியவை மூன்று. குறை என்றால், அவ்வளவு தூரம் போயும் வெளியூர் வந்த உணர்வு பாதிதான் கிடைக்கிறது.

என் ஓட்டு மேகாலயாவுக்கு. பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கிற ஜனங்கள் நாம். 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்தபோது பாலாற்றைப் பார்க்க வந்த கூட்டம், திருவிழாக் கூட்டம் தோற்கும். வேலூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மி.மீ. மழை. சிரபுஞ்சியில் 1995 ஜூன் 16 அன்று ஒரே நாளில் 1,563 மி.மீ. கொட்டியது. நம் ஒன்றரை வருஷ மழை, ஒரே நாளில்! வங்கக் கடலின் ஈரக்காற்று வங்கதேசத்துச் சமவெளியைத் தடையில்லாமல் கடந்து வந்து, திடீரென்று சுவர்போல எழும் மேகாலயாவின் காசி (Khasi) மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து கொட்டுகிறது. மலை விளிம்பில் நின்றால் கீழே வங்கதேசம் தண்ணீர்த் தேக்கமாக விரிந்து கிடக்கும். சுமார் 340 மீட்டர் விழும் நோகலிகாய் அருவி மேகத்தில் மறைந்து, சத்தம் மட்டும் வரும். பொறுத்திருந்தால் மேகம் விலகும், விலகாமலும் போகும்.

அங்கே பார்த்தே ஆக வேண்டியது வேர்ப்பாலங்கள். இந்திய ரப்பர் மரம் என்கிறோமே, ஆல் அத்தி இனத்தைச் சேர்ந்த அந்த மரத்தின் விழுதுகளை ஓடைக்குக் குறுக்கே மூங்கில் சாரத்தின் மேலும், குடைந்த கமுகு மரத் தண்டுக்குள்ளும் விட்டு அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அது மண்ணைப் பிடித்துத் தடித்து, ஆள் நடக்கிற பாலமாக ஒரு தலைமுறை ஆகிவிடும். மேலே நின்று காலடியில் பார்த்தால் ஒரு வேர் இன்னொன்றைச் சுற்றி, மூன்றாவதோடு ஒட்டி ஒன்றாகிவிட்டிருக்கும். இடுக்குகளில் தட்டையான கல்லைப் பதித்துத் தளம் போட்டிருப்பார்கள். மரப் பலகை இந்த ஈரத்தில் சீக்கிரம் மக்கிவிடும். வேர் வருஷத்துக்கு வருஷம் பலமாகிறது. நோங்ரியாட்டின் இரட்டை அடுக்குப் பாலத்துக்கு மூவாயிரத்துக்கும் மேல் படி. இறங்குவது சுலபம், முழங்கால் வலிக்காரர்கள் திரும்பி ஏறுவதை நினைத்துப் பார்த்துவிட்டு இறங்கவும்.

இவ்வளவு மழை பெய்யும் சிரபுஞ்சியில் குளிர்காலத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு. மண் கரைந்து, பாறை நீரைப் பிடித்துவைக்காமல் வங்கதேசத்துக்கு அனுப்பிவிடுகிறது. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் அனுப்பிய மாவட்டத்துக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள்.

சாப்பாடு சிலருக்குச் சங்கடம். ஜாதோ என்ற இறைச்சிச் சோறு பெரும்பாலும் பன்றிக்கறியில்தான், எனவே ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்கள் கேட்டுவிட்டு உட்காருவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஷில்லாங்கில் பாதிக் கடைக்கு மேல் சாத்தியிருக்கும். ஜூன், ஜூலையில் மழை வெளியே தலைகாட்ட விடாது. காலாண்டு விடுமுறையில் போனால் அருவியும் நிறைந்திருக்கும், வழியும் ஓரளவு தெரியும். டவ்கி ஊரில் உம்ங்கோட் ஆற்றுத் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்து, படகு அந்தரத்தில் மிதப்பதுபோன்ற அந்தப் படம் வேண்டுமென்றால் குளிர்காலம்தான். அப்போது அருவி மெலிந்துவிடும். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது.

போக்குவரத்துக்கு நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. கன்னியாகுமரி - திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நின்று, குவாஹாட்டி வழியாகத்தான் போகிறது. குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காள, அசாம் குடும்பங்களால் இந்தத் தடத்து ரயில்கள் எப்போதும் நிரம்பி வழியும். பயணத்துக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள், திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் அப்படியே செய்யுங்கள். வரும்போது பக்கத்து இருக்கைக்காரர், நீங்கள் வேலூர் என்று தெரிந்ததும் பாபு ராவ் தெருவில் எந்த லாட்ஜ் பரவாயில்லை என்று கேட்பார். யோசித்துவைத்துக்கொண்டு போங்கள்.