வெள்ளை சிடாரா, மஞ்சள் சிடாரா, மேப்பிளா: ஸ்ட்ரைப்பர் பிளக்குக்கு எந்தக் கட்டை?

கராஜ் சுவரில் இப்போது பதினேழு மரப் பிளக்குகள், அதாவது மீன் பிடிக்கக் கடைந்து தூண்டில் முள் மாட்டிய போலி இரைகள், தொங்குகின்றன. பதினொன்று மஞ்சள் சிடார், நான்கு வெள்ளை சிடார், இரண்டு மேப்பிள். நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். நடுநிலையான அலசல் வேண்டும் என்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ட்ரைப்டு பாஸ் மீனை இங்கே நியூஜெர்சியில் எல்லோரும் ஸ்ட்ரைப்பர் என்பார்கள். செசபீக் பக்கம் போனால் அதுவே ராக்ஃபிஷ். நம்ம ஊர்க் கொடுவாய்க்குப் பக்கவாட்டில் ஏழெட்டுக் கறுப்புக் கோடு போட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும். செசபீக் விரிகுடாவின் ஆறுகளிலும் டெலவேர், ஹட்சன் ஆறுகளிலும் வசந்தத்தில் முட்டையிட்டுவிட்டு, கரையோரமாகவே வடக்கே மெய்ன் வரை ஏறும். குளிர் தொடங்கும்போது திரும்பும். திரும்பும் வழியில் பங்கர் என்கிற மத்தி இனக் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு அலை உடைகிற இடம் வரை வந்துவிடும். அங்கே மார்பு வரை ரப்பர் உடை மாட்டிக்கொண்டு இருட்டில் நின்று, ஆறேழு அங்குலக் கட்டையை வீசி மெல்லச் சுருட்ட வேண்டும். அந்தக் கட்டைதான் பிளக்.

பிளாஸ்டிக்கை முதலிலேயே முடித்துவிடலாம். மீன் மட்டும் போதும் என்றால் கடையில் பிளாஸ்டிக் வாங்குங்கள். ஊறாது, பத்து வாங்கினால் பத்தும் ஒரேமாதிரி நீந்தும், பாறையில் அறுந்து போனாலும் வயிறு எரியாது. 1982 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டி பாறைக்கட்டில் நின்று ஆல் மெக்ரெனால்ட்ஸ் பிடித்த 78 பவுண்டு 8 அவுன்ஸ் மீன் 2011 வரை உலக சாதனையாக இருந்தது. அது கடித்தது ரெபல் கம்பெனியின் பிளாஸ்டிக் பிளக்கை. 'ஆட்டம்' பிளக்கை முதலில் மரத்தில் செய்த பாப் பாண்ட் (Bob Pond) என்பவரே பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறினார். மரத்தைத்தான் மீன் தேடி வரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எனக்குக் கடைசல் வேலை பிடிக்கும், லேத்தும் வாங்கியாயிற்று, வாங்கியதற்கு வீட்டில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நான் செய்பவை பெரும்பாலும் தகட்டு உதடு வைத்த மிதவை ரகம். லாங் ஐலண்டில் டேனி பிச்னி செய்து பேர் வாங்கிய வடிவம். இன்றைக்கும் அதற்கு 'டேனி' என்றுதான் பெயர். மூக்கில் சாய்வாகச் செருகிய எவர்சில்வர் தகடு தண்ணீரைத் தள்ளும், உடம்பு இடமும் வலமுமாகப் புரளும், மேற்பரப்பில் அம்புமுனை போல ஓர் அலை பின்னாலேயே வரும். தூண்டில் நரம்பு கட்டுகிற வளையத்தைக் கொஞ்சம் கீழே வளைத்தால் மேலோடு வரும். மேலே வளைத்தால் மூழ்கி வரும். இந்தப் புரளலுக்கு உடம்பு நன்றாக மிதக்கவும் வேண்டும், வயிற்றில் ஈயமும் இருக்க வேண்டும். தலையாட்டி பொம்மையின் கதைதான்.

இதனால் கட்டையின் எடை முக்கியமாகிறது. ஒரே அளவில், ஆறரை அங்குல நீளம், ஒன்றேகால் அங்குலத் தடிமனில் மூன்றையும் கடைந்து சமையலறைத் தராசில் வைத்தேன். வெள்ளை சிடார் 36 கிராம், மஞ்சள் சிடார் 48, மேப்பிள் 69. இந்த உடம்பு ஒதுக்குகிற தண்ணீர் 95 கிராம் சொச்சம். முள், கம்பி, தகடு, சுழலி எல்லாம் சேர்ந்து 26 கிராம். கூட்டிப் பாருங்கள்: மேப்பிளில் சாமான்கள் ஏறியதுமே மிதப்பு தீர்ந்துவிடுகிறது, ஈயத்துக்கு இடமே இல்லை. மஞ்சள் சிடாரில் 15 கிராம் ஈயம் தாராளமாகப் போகும். வெள்ளை சிடாரில் 30 கிராம் போட்டாலும் மிதக்கும்.

இந்தக் கணக்கில் வெள்ளை சிடார்தான் ராஜா. உள்ளூர் மரமும்கூட, நியூஜெர்சி பைன் பேரன்ஸ் சதுப்புகளில் வளர்வது. உளி வைத்தாலே வெண்ணெய் மாதிரி போகும். என் முதல் இரண்டு வருடப் பிளக்குகள் அத்தனையும் அதுதான். முதல் நாள் அவை நீந்துகிற அழகை மஞ்சள் சிடார் இன்றுவரை எட்டவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

சிக்கல் அக்டோபரில் வந்தது. ஏப்ரலிலிருந்து வீசிக்கொண்டிருந்த ஒரு பிளக், பச்சை முதுகு, ராசியான பிளக், ஒரு ராத்திரி புரளவே மாட்டேன் என்றது. கம்பின் நுனியில் துடிப்பு இல்லை. ஈரத்துணியை இழுத்து வருகிற மாதிரி வந்தது. வளையத்தை அப்படியும் இப்படியும் வளைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால், புதிதாக இருந்தபோது குறித்துவைத்த எடையைவிட 9 கிராம் கூடுதல். வயிற்று முள் உரசிய இடத்தில் நகத்தால் கீறினேன். பெயின்ட் தோலாகக் கழன்று வந்தது. அடியில் மரம் கறுத்து, அழுத்தினால் பள்ளம் விழுகிற அளவுக்கு ஊறியிருந்தது.

அம்மாவின் ஊரில் கட்டுமரக்காரர்கள் கரையேறியதும் கட்டைகளை அவிழ்த்து மணலில் காயப்போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மிதக்கிற மரம் எதுவானாலும் குடிக்கும், அதைக் காயவிட வேண்டும். கட்டுமரத்துக்குப் பெயின்ட் கிடையாது, அதனால் குடித்தது வெளியே வந்துவிடும். பிளக்குக்கு மேலே கண்ணாடி மாதிரி எப்பாக்சி பூசுகிறோம். அதில் ஊசிமுனை அளவு விரிசல் விழுந்தால் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வர வழியில்லை. மரம் உப்பும், எப்பாக்சி வளைந்துகொடுக்காது, விரிசல் பெரிதாகும், இன்னும் தண்ணீர் போகும்.

விரிசல் விழாமல் பார்த்துக்கொள்வது நடக்கிற காரியம் இல்லை. வீசும்போதெல்லாம் தொங்குகிற முள் வயிற்றைச் சுரண்டுகிறது. ஸ்ட்ரைப்பரின் வாய் வெறும் உப்புத்தாள்; கட்டைவிரலைத்தான் ராவும், பெயின்ட்டைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் கூடவே வருகிற ப்ளூஃபிஷ் பல்லால் பொத்தல் போட்டுவிட்டுப் போகும். அதனால் பெயின்ட் உடைந்த பிறகு கட்டை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு இப்போது முதல் கேள்வி. இரண்டாம் கேள்வி, மூன்றாம் கேள்வி எல்லாம் பிறகு.

இதற்குத்தான் பெயின்ட்டுக்கு முன்னால் எண்ணெய்க் குளியல். ஆளிவிதை எண்ணெயும் தின்னரும் சரிபாதி கலந்து, துளையெல்லாம் போட்டு முடித்த கட்டையை ஓர் இரவு முக்கிவைக்கிறேன். கட்டையின் இரண்டு முனைகளும், நடுவில் நீளவாக்கில் ஓடும் துளையும், உதட்டுக்கு அறுத்த வெட்டும்தான் தண்ணீரின் வாசல்கள். அவை முதலில் எண்ணெய் குடித்துவிட வேண்டும். எடுத்துத் தொங்கவிட்டால் குறைந்தது இரண்டு வாரம் கையை வைக்கக் கூடாது. பொறுக்காமல் மூன்றாம் நாளே பிரைமர் அடித்த நாலு பிளக்குகளின் மேல்தோல், வெயிலில் காய்ந்த முதுகு மாதிரி உரிந்தது. 'ஏங்க, வீடு பூரா பெயின்ட் கடை வாசனை' என்ற புகாரை அந்த இரண்டு வாரமும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொன்று, இது விளையாட்டில்லை: அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

குளியலுக்கு முன்னும் பின்னும் எடை போட்டதில்தான் எனக்குக் கண் திறந்தது. வெள்ளை சிடார் 9 கிராம் எண்ணெய் குடித்தது. மஞ்சள் 3. மேப்பிள் 1. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இருந்த 12 கிராம் இடைவெளி குளித்து எழுந்ததும் பாதியாகிவிட்டது. எந்த இலேசுக்காக வெள்ளையை எடுத்தோமோ, அதை எண்ணெயே தின்றுவிடுகிறது. சரி, எண்ணெய் இத்தனை குடித்தால் தண்ணீர் குடிக்காது என்று பார்த்தால், ஒரு சீசன் கழித்து வெள்ளை சிடார் மூன்றும் 5 முதல் 9 கிராம் வரை ஏறியிருந்தன. அதே சீசனில், அதே கையால், அதே எண்ணெயில் முக்கிய மஞ்சள் சிடார் மூன்றும் 2 கிராமுக்குள். மூன்றுக்கு மூன்று என்பது ஆராய்ச்சி ஆகாது, தெரியும். என் பெயின்ட் வேலை ஒவ்வொன்றிலும் ஒரேமாதிரி இருந்தது என்றும் சத்தியம் செய்யமாட்டேன். ஆனாலும் எனக்கு அது போதுமாக இருந்தது.

மஞ்சள் சிடாரின் இழை நெருக்கமானது, சீரானது. வைரப்பகுதி இயல்பாகவே அழுகாத ரகம். ராத்திரி பெயின்ட் உடைந்தால் காலையில் நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு வாரம் நிழலில் தொங்கவிட்டு, உடைந்த இடத்தில் மட்டும் எப்பாக்சி வைத்தால் மறுபடி தயார். வெள்ளை சிடாரில் அதே வேலைக்கு முழுத்தோலையும் உரித்து மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். உரித்திருக்கிறேன். இரண்டு முறை. மூன்றாவதை அடுப்பங்கரைக் குளிர்காய்தலுக்குக் கொடுத்துவிட்டேன்.

கடைசல் வேலையிலும் மஞ்சள் தொல்லை தராது. நீளவாக்குத் துளையை, கட்டை இன்னும் சதுரமாக இருக்கும்போதே, இரண்டு முனையிலிருந்தும் போட்டு நடுவில் சந்திக்கவைக்க வேண்டும். அதன் வழியாக 1.6 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பி மூக்கிலிருந்து வால் வரை ஓடும். கட்டை இரண்டாகப் பிளந்தாலும் மீன் கம்பியில் இருக்கும். மேப்பிளில் ட்ரில் முனை சூடாகிப் பழுப்புப் புகை வருகிறது. மஞ்சளில் நேராகப் போய்ச் சேரும். கடையும்போது உரித்த பச்சை உருளைக்கிழங்கு வாசனை வரும், அதற்குப் பழக வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. விலை என் ஊர் மரக்கடையில் வெள்ளை சிடாரைப் போல இரண்டு மடங்கு. இந்த மரம் வருவது எதிர்க்கரையிலிருந்து, அலாஸ்கா பக்கம். அங்கே பனிப்போர்வை குறைந்ததால் வேர்கள் குளிரில் உறைந்து மரங்கள் நின்ற இடத்திலேயே செத்துக்கொண்டிருக்கின்றன. வெள்ளை சிடார் மட்டும் தப்பித்ததா என்றால் அதுவும் இல்லை. நியூஜெர்சிக் கரையோரச் சதுப்புகளில் உப்புத் தண்ணீர் ஏறி, பட்ட மரங்கள் எலும்புக்கூடாக நிற்பதைக் காரில் போகும்போதே பார்க்கலாம். நான் இப்போது கடைக்காரரிடம் துண்டு துக்கடாக்களை மட்டும் கேட்டு வாங்குகிறேன். பிளக்குக்கு ஏழு அங்குலம் போதும்.

போன நவம்பரில் ஐலண்ட் பீச் ஸ்டேட் பார்க்கில், மூன்றாவது சீசன் கண்ட ஒரு மஞ்சள் சிடார் டேனி. வயிற்றில் பெயின்ட் பாதி இல்லை, ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். காற்று முதுகுக்குப் பின்னால். ரீலை ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் சுருட்டிக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் தட் தட் என்று அந்தத் துடிப்பு. திடீரென்று துடிப்பு நின்றது; அதற்கப்புறம்தான் தண்ணீர் வெடித்த சத்தம் காதுக்கு வந்தது. 34 அங்குலம். இங்கே 2023-லிருந்து கடலில் 28-க்கும் 31-க்கும் இடைப்பட்ட அளவில், ஒரு நாளைக்கு ஒன்றுதான் எடுக்கலாம். அதனால் விட்டாக வேண்டும். முள்ளின் எதிர்க்கொக்கிகளை முன்னமே இடுக்கியால் நசுக்கிவைத்திருந்தேன், வாலில் மும்முள்ளுக்குப் பதில் ஒற்றை முள். அரை நிமிடத்தில் கழன்று போய்விட்டது. அந்தப் பிளக்கை வீட்டுக்கு வந்து எடை போட்டேன். மூன்று சீசனுக்கும் சேர்த்து 4 கிராம்.

மேப்பிளைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. உதடு இல்லாத நீடில்ஃபிஷ் ரகத்துக்கு, அதாவது புரளாமல் குச்சிமாதிரி நேராக வருகிற பிளக்குக்கு, அந்தக் கனம் வரப்பிரசாதமாக இருக்க வேண்டும். ஈயம் குறைவாக வைத்தாலே எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது, அது உண்மை. பாறையில் அடிபட்டாலும் சின்னத் தழும்போடு சரி. ஆனால் நான் செய்தது இரண்டு, வீசியது நான்கு ராத்திரி, கடித்தது ஒன்று, அதுவும் ப்ளூஃபிஷ். இரண்டையும் போன வாரம்தான் மறுபடி எண்ணெயில் முக்கி எடுத்தேன். எடை 71, 72. மூடியில் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன்.