ஆயிரம் ரூபாயும் ஆயிரத்து இருநூறும்: யார் பணம்?

2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். முழுக்க மாநில நிதி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்ற வரம்புகளையும் மாநிலமே வகுத்தது. ஆனால் வரி வசூல் படுத்தால் கைகொடுக்க ஆளில்லை.

மத்திய அரசும் பங்கு தரும் இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியம் வேறு கணக்கு. 2023-இல் தமிழகத்தில் அது 1,200 ரூபாயானது. அதில் 60 முதல் 79 வயதுள்ளவருக்கு மத்தியப் பங்கு வெறும் 200. மீதி 1,000 மாநிலத்தின் தலையில். அந்த 200-க்காக வறுமைக்கோட்டுப் பட்டியல் என்ற நிபந்தனை வேறு!

பங்கு நிதி நல்ல ஏற்பாடுதான், பங்கு நியாயமாக இருந்தால். இன்றைய நிலையில் என் ஓட்டு மாநில நிதிக்கே. விலைவாசியோடு மத்தியப் பங்கும் ஏறட்டும், மாற்றிக்கொள்கிறேன்.