பழைய டயரைப் பழையதாகவே மீட்டுத் தந்த தருமபுரி சைக்கிள் கடை

பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினைந்து ஆண்டுகளாகச் சாய்ந்து கிடந்த அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளைக் கூடத்தில் காட்சிக்கு வைக்க முடிவு செய்தபோது, ஹேண்டில்பாரும் மட்கார்டும் எளிதாகத் துலங்கிவிட்டன; டயர்கள்தாம் கவலையாக நின்றன. 28 × 1½ அளவு டயர் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஆனாலும் அப்பா ஓட்டித் தேய்த்த டயரே அதில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

முதலில் கொடுத்த இடத்தில் மண்ணெண்ணெயால் துடைத்து, கறுப்புப் பாலீஷ் பூசித் தந்தார்கள். அன்று பளபளத்த முன்டயர், இரண்டே வாரத்தில் பிசுபிசுத்துத் தொட்ட விரலில் கருமையாக ஒட்டியது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவும் இளகவும் செய்யும் என்பதை அதன் பிறகே அறிந்துகொண்டேன்.

தருமபுரியில் பென்னாகரம் சாலையில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிறிய சைக்கிள் கடையை நண்பர் ஒருவர் காட்டினார். கடைக்காரர் பெரியவர், டயரை விரலால் மடக்கி, வெடிப்புகளின் ஆழத்தைப் பார்த்த பிறகே பேசினார். "இது ஓட்டுறதுக்கு ஆகாது தம்பி, பார்க்கிறதுக்கு ஆகும். வெடிப்பை மூடச் சொல்லாதீங்க" என்றார். அந்த நேர்மைக்காகவே வேலையை ஒப்படைத்தேன்.

டயர்களை ரிம்மிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, பக்கவாட்டில் புடைத்திருக்கும் அளவு எழுத்துகளை மட்டும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துலக்கினார். பழைய பாலீஷ் முழுவதும் போக மூன்று முறை கழுவ வேண்டியிருந்தது. உள்ளே இருக்கும் நூல்துணியில் ஈரம் தங்கினால் அது மக்கிவிடும் என்பதால் இரண்டு நாள் நிழலில் தொங்கவிட்டு, பிறகு தண்ணீர் கலந்த கிளிசரினைத் துணியில் தொட்டு மிக மெல்லிதாகத் துடைத்தார். அதனால் வந்தது பளபளப்பு அன்று. நாள்தோறும் ஓடிய சைக்கிளின் டயருக்கு இருக்கும் மங்கிய கருமை.

பராமரிப்பு பற்றி அவர் சொன்னது வேலையைவிட மதிப்புள்ளது. காற்றில் உள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் வெடிக்கச் செய்கிறது. ஆகவே டியூபில் டயர் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று போதும். அறவே இறக்கிவிட்டால் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே வெடிக்கும். சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் தூக்கி நிறுத்த வேண்டும். தருமபுரி வெயில் சன்னல் வழியாக நேரே விழும் இடத்தில் வைக்கவே கூடாது.

குறை சொல்வதானால், நான்கு நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்குப் பதினொரு நாள் ஆனது. இரண்டு முறை வீணாகப் பேருந்து ஏறினேன். இரண்டு டயருக்கும் புது டியூபுக்கும் சேர்த்து 700 ரூபாய் வாங்கினார். அந்த உழைப்புக்கு அது குறைவே.

இன்னொரு தவறும் நடந்தது. சக்கரம் சுழலும்போது விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவின் உருளை ஆண்டுக்கணக்கில் உரசியதால் முன்டயரின் ஒரு பக்கத்தில் விரல் அகலத்துக்கு வழவழப்பான தடம் உண்டு. மாட்டும்போது டயர் திரும்பிவிட்டதால், அந்தத் தடம் டைனமோ இல்லாத பக்கத்துக்குப் போய்விட்டது. தயக்கத்துடன் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் சக்கரத்தைக் கழற்றி, டயரைத் திருப்பி மாட்டி, டைனமோவைச் சாய்த்துக் காட்டினார். உருளை அந்தத் தடத்திலேயே போய் உட்கார்ந்தது.