கடியப்பட்டணம் கடலில் ஒரு சால்மன் தூண்டில்

இந்தத் தூண்டிலை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. அக்காள் மகன் கனடாவின் மேற்குக் கரையில், கேம்பல் ரிவர் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தன் அப்பாவுக்கென்று கொண்டுவந்தான். பத்தரை அடிக் கம்பு, இரண்டு துண்டாக ஒரு குழாய்க்குள் இருந்தது. கூடவே ஒரு ரீல், ஃபிளாஷர் எனப்படும் முழ நீளத்துக்குச் சற்றுக் குறைவான பளபளப்புப் பட்டை, ஹூச்சி என்று அவர்கள் சொல்லும் ரப்பர் கணவாய்க் குஞ்சுகள் ஒரு டஜன், கொஞ்சம் முள். விலைச் சீட்டுகளை எல்லாம் கிழித்து எடுத்துவிட்டுத்தான் கொடுத்தான். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, களியக்காவிளை வழியாக பஸ்சில் வரும்போது நடத்துநர் அந்தக் குழாயை இரண்டு முறை தட்டிப் பார்த்தாராம்.

மச்சானுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து கைத்தூண்டில் பழக்கம். கம்பைப் பூட்டி, நுனியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "கோயில் திருவிழாவுக்குக் கொடி கட்டலாம்" என்றார். மகன் ஊர் திரும்பியதும் அது என் கைக்கு வந்தது. நான் கணக்கு வாத்தியார். கடற்கரையில் பிறந்தும் கடல்தொழில் செய்யாதவன். ஆகவே இதை ஒரு மீனவரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது. எனக்குப் பள்ளி விடுமுறை சனியும் ஞாயிறும் மட்டுமே. அதனால் மார்ச் மாதத்தில் மூன்று சனிக்கிழமைகள் மச்சானின் ஃபைபர் வள்ளத்தில் போய்ப் பார்த்தேன். கேம்பல் ரிவரில் சால்மன் காலம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நமக்கு அது ஆனி ஆடிக் கடல். விசைப்படகுகளுக்கு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். இதே கன்னியாகுமரி மாவட்டத்தில், கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நாட்டு வள்ளத்துக்குச் சட்டத்தின் தடை இல்லாவிட்டாலும் அந்த அலையில் விளையாட்டாகப் போய்வர முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வேறு. காற்றே இல்லாத நாளில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்த அலை வந்து கரையை ஏறி அடிக்கும். அதனால் மார்ச்சுக்குள் முடித்துவிடுவது நல்லது.

முதல் சனிக்கிழமை முழுக்க வீண். காரணம், இந்தக் கம்பு எதற்காகச் செய்யப்பட்டது என்று நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. இரவு மருமகனை அழைத்து விசாரித்தபோதுதான் விளங்கியது. அங்கே சிறு படகின் ஓரத்தில் டவுன்ரிகர் என்று ஒரு சக்கரம் இருக்கும். அதிலிருந்து எஃகுக் கம்பியில் பத்துப் பன்னிரண்டு பவுண்டு ஈயக்குண்டு இறங்கும். தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கிளிப்பில் கவ்வவிட்டு, வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிட்டு, மணிக்கு இரண்டு மூன்று கடல் மைல் வேகத்தில் படகை ஓட்டுவார்கள். கம்பு வில்லாக வளைந்து காத்திருக்கும். மீன் கவ்வியதும் கிளிப் விட்டுவிடும். கம்பு சட்டென்று நிமிர்ந்து நரம்பின் தளர்வை எடுத்துக்கொள்ளும். அத்தனை நீளமும் நுனியின் அத்தனை மென்மையும் இந்த ஒரு நொடிக்காகத்தான்.

நம்மிடம் டவுன்ரிகர் ஏது? கால் கிலோ ஈயத்தைக் கட்டி, ஃபிளாஷரையும் மாட்டி, நெய்மீனுக்கு (வஞ்சிரம்) ஓட்டும் வேகத்தில் வள்ளத்தை ஓட்டச் சொன்னேன். மெதுவாக இழுத்தால் அந்தப் பட்டை சாவகாசமாகப் புரண்டு, இரை தின்னும் மீனின் விலாபோல மின்னுமாம். எங்கள் வேகத்தில் அது மின்விசிறியாகச் சுழன்றது. அரை மணி நேரத்தில் நரம்பு முறுக்கேறிக் கயிறாகிவிட்டது. மச்சான் ஒரு வார்த்தை பேசாமல் கத்தியை எடுத்து நீட்டினார். அறுத்து எறிந்தேன். கம்பைத் திருப்பும்போது எஞ்சின் பிடித்திருந்த தம்பியின் தொப்பியும் கடலுக்குப் போனது. மூன்று பேர் நிற்கும் வள்ளத்தில் பத்தரை அடி அதிகம், மிக அதிகம்.

இரண்டாம் சனிக்கிழமை ரீலின் குணம் தெரிந்தது. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நரம்பும் ஒரே சுற்றுத்தான் வரும். நாகர்கோவிலில் விற்கும் சாதாரண ரீலில் ஐந்து சுற்று வரும். அதைவிட முக்கியம், மீன் ஓடினால் கைப்பிடியும் சேர்ந்து பின்னோக்கிச் சுழலும். இதற்கு அங்கே "விரல்முட்டி உடைப்பான்" என்ற பொருளில் ஒரு செல்லப்பெயர் உண்டு என்று மருமகன் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் செல்லப்பெயராக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

முட்டம் கலங்கரை விளக்கத்தையும் உள்ளே தெரியும் மலையையும் கண்ணால் சேர்த்துப் பார்த்து, மச்சான் ஓரிடத்தில், "இங்கே 18 பாகம்" என்றார். ஒரு பாகம் ஆறடி ஆழம். ஃபிளாஷர் இல்லாமல் ஹூச்சி மட்டும். இரண்டாவது சுற்றில் நெய்மீன் அடித்தது. அது எடுத்த ஓட்டத்தில் கைப்பிடி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுழன்று மூன்று விரல்முட்டிகளைப் பதம் பார்த்தது. வலியில் கையை உதறிய நேரம் நரம்பு லேசாகிவிட்டது. இழுத்துப் பார்த்தால் முனை கத்தியால் அரிந்ததுபோல இருந்தது. நெய்மீனுக்குப் பல் உண்டு, முன்னால் ஒரு சாண் கம்பி போட வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். சால்மன் பெட்டியில் கம்பி வைக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. குறையைப் பெட்டியின் மேல் போடுவது நியாயமா என்று தெரியவில்லை, ஆனால் விரல் வீங்கியிருந்த அந்த வாரம் அப்படித்தான் போட்டேன். கரும்பலகையில் எழுத முடியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு வாய்ப்பாடம்தான்.

மூன்றாம் சனிக்கிழமை மச்சான் தானே கம்பி கட்டிக் கொடுத்தார். பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு ஓரமாக, எஞ்சினை மிக மெதுவாக வைத்து இழுத்தோம். ஏழு மணி வாக்கில் நுனி இரண்டு முறை தலையாட்டி, பிறகு ஒரேயடியாகத் தண்ணீருக்குள் குனிந்தது. பாறை மீன். அது கீழே கல்லுக்குள் புகப் பார்க்கும், விட்டால் போயிற்று. இந்த முறை கைப்பிடியைப் பிடிக்காமல் உள்ளங்கையால் ரீலின் விளிம்பை அழுத்தினேன். மருமகன் சொல்லித் தந்த வழி. கம்பு அடிமட்டம் வரை வளைந்தது, முறியவில்லை. இருபது நிமிடம். அந்த நேரத்துக்குள் மச்சான் கைத்தூண்டிலில் நான்கு மீன் ஏற்றிவிட்டார், அவற்றில் இரண்டு என்னுடையதைவிடப் பெரியவை. என்னுடையது மூன்றரை கிலோ. ஆனாலும் அந்த இருபது நிமிடத்தை நான் யாருக்கும் விற்கமாட்டேன்.

அப்போதுதான் முள்ளைக் கவனித்தேன். நம் முள்ளில் நுனிக்குப் பின்னால் ஒரு எதிர்முள் இருக்கும், குத்தினால் கழன்றுவராது. இதில் அது இல்லை. லேசாகத் திருகியதும் மீனின் வாயிலிருந்து வந்துவிட்டது. கேம்பல் ரிவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சால்மனுக்கு எதிர்முள் இல்லாத முள்தான் சட்டம். அளவில் சிறியதையும் பிடிக்கக் கூடாத இனத்தையும் உயிரோடு திருப்பி விட வேண்டும் என்பதால். இவ்வளவு நேரம் மீன் கழன்று போகாததற்கு அந்த மென்மையான நுனிதான் காரணம். நரம்பை ஒரு கணம்கூடத் தளரவிடவில்லை. கம்பின் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கே தீர்ந்தது.

விளையாட்டுக்கு மீன் பிடிக்கவும் அங்கே உரிமச் சீட்டு வாங்க வேண்டும், சால்மனைக் கொண்டுபோக அதில் தனியாக ஒரு முத்திரையும் வேண்டும் என்று சொன்னேன். "இவன் அங்கே பணம் கட்டியா மீன் பிடிக்கிறான்?" என்று மச்சான் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கேம்பல் ரிவரிலேயே 1924 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. எஞ்சின் இல்லாமல், துடுப்பு போடும் படகிலிருந்து, 30 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள சினூக் சால்மனைப் பிடித்தால்தான் அதில் உறுப்பினர். அதைக் கேட்டதும் மட்டும், "அது ஆம்பிளைத்தனம்" என்றார். பெண்களும் உறுப்பினர்கள் ஆகலாம் என்று சொன்னதற்குப் பதில் வரவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் சந்தையில் காலா மீனை "இந்தியன் சால்மன்" என்று எழுதி விற்கிறார்கள். அதற்கும் சால்மனுக்கும் உறவே கிடையாது. காலாவின் மார்புத் துடுப்புக்குக் கீழே நூல்போல நான்கு இழைகள் தொங்கும், பார்த்தாலே தெரியும். காலா நல்ல மீன், அதற்கு இரவல் பெயர் எதற்கு?

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கம்பு வேண்டாம். வள்ளத்துக்கு ஏழடிக் கம்பு போதும், அதுவும் நடுத்தர விறைப்பாக இருக்க வேண்டும். ரீல் அழகானது, உப்பு நீரில் மூன்று நாள் நனைந்தும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்ததும் புதிதாக நிற்கிறது. ஆனால் நெய்மீன், சூரை போன்ற ஓடுகாலிகளுக்கு அது ஆகாது. ஃபிளாஷர் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் தொங்குகிறது, அணில் வருவது குறைந்திருக்கிறது. எதிர்முள் இல்லாத முள்ளை, மீனைப் பிடித்து உயிரோடு திருப்பி விடுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

ஹூச்சி மட்டும் நூற்றுக்கு நூறு. நம் கடலில் கணவாய் இருக்கும்வரை அதைக் கவ்வ மீன் இருக்கும். பொதியில் பன்னிரண்டு இருந்தன. நெய்மீன் ஒன்றைக் கொண்டுபோனது, பாறை மீன் இன்னொன்றைக் கிழித்தது. பொதி மச்சான் வீட்டு வலைப்பெட்டியில்தான் கிடக்கிறது. நேற்று மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிடப் போனபோது எண்ணிப் பார்த்தேன். ஆறு இருந்தன. மச்சானிடம் ஒன்றும் கேட்கவில்லை.